ஸாலிஹ் பூசிய கோடு

என் பெயர் யோகநாதன். தரைக்கும் சுவருக்கும் டைல் பதிப்பது தொழில். வீடு கொட்டாஞ்சேனையில். இருபத்தேழு வருஷமாக இந்தக் கொழும்பு முழுக்க முழங்காலில் தவழ்ந்திருக்கிறேன். வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கைகளில் எந்த மாடிக்குப் போனாலும் என் கை பட்ட ஒரு குளியலறையாவது இருக்கும். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. நான் யார் என்று தெரிந்தால்தான் ஸாலிஹ் யார் என்று சொல்ல வசதியாக இருக்கும்.

ஸாலிஹ் டைல் பதிப்பவன் அல்ல. டைலுக்கும் டைலுக்கும் நடுவில் விடுகிற இடைவெளியில் கிரவுட் பூசுவது மட்டும்தான் அவன் வேலை. அதாவது, நான் பன்னிரண்டு நாள் முதுகு முறியப் பதித்து முடித்த தரைக்குக் கடைசி இரண்டு நாள் வந்து கோடு போட்டுவிட்டுப் போகிறவன். வீட்டுக்காரர் வருவார், குனிந்து பார்ப்பார். என்ன சொல்லுவார் தெரியுமா? “கோடு என்ன வடிவா இருக்கு! ஆர் செய்தது?” டைல் நேராக இருந்தால்தான் கோடு நேராக இருக்கும் என்பது இந்த ஊரில் ஒருவருடைய மண்டைக்குள்ளும் ஏறாது. நான் பக்கத்தில் நிற்பேன். ஸாலிஹின் பெயரை நானே என் வாயால் சொல்ல வேண்டியிருக்கும்.

எனக்கு எரியும். ஒளிப்பதற்கு என்ன இருக்கிறது? நன்றாகவே எரியும்.

அவன் மருதானையில் பிறந்து வளர்ந்தவன். பதினெட்டு வயதில் அங்கே ஒரு பேக்கரியில் சேர்ந்து கல்யாணக் கேக்குகளுக்கு ஐசிங் போட்டிருக்கிறான். பிறகு கட்டாருக்குப் போய் ஆறு வருஷம் ஹோட்டல் குளியலறைகளில் கிரவுட் பூசினான். திரும்பி வந்தபோது அவனுக்கு முப்பத்திரண்டு வயது. இப்போது நாற்பத்தாறு. மனைவியும் இரண்டு பெண் பிள்ளைகளும் இருக்கிறார்கள். மெலிந்த ஆள். ஒன்றுக்குள் ஒன்றாகப் போட்ட இரண்டு வாளிகளோடு பஸ்ஸில் வந்து இறங்குவான். வந்ததும் செருப்பை வாசலில் கழற்றுவான். டைல் பதித்த அறைக்குள் நான் சப்பாத்தோடு நிற்பேன். அவன் வெறுங்காலோடு நடப்பான். வீட்டுக்காரப் பெண்களுக்கு அதிலேயே அவனைப் பிடித்துப்போய்விடும்.

அவன் வேலை தொடங்கும் விதம்தான் எனக்கு முதலில் எரிச்சலூட்டியது. மற்றவர்கள் என்ன செய்வார்கள்? ஹாட்வெயார் கடைக்குப் போவார்கள், டைல் என்ன நிறமோ அதற்குக் கிட்டிய நிறத்தில் ஒரு பை கிரவுட் வாங்குவார்கள், கரைப்பார்கள், பூசுவார்கள். நானும் அப்படித்தான் செய்துவந்தேன். ஸாலிஹ் கடைக்குப் போகமாட்டான். முதலில் வீட்டுக்காரரிடம் கேள்வி கேட்பான்.

“இங்க யாரு சமைக்கிற? கறிக்கு மஞ்சள் கூடப் போடுவாங்களா? தலைக்கு எண்ணெய் வெச்சிக் குளிக்கிற ஆள் யாரும் ஈக்கா? சாமி அறையில விளக்கு தெனமும் எரியுமா?”

வைத்தியர் நோயாளியைக் கேட்பதுபோலக் கேட்பான். மஞ்சள் கூடுதலாகப் புழங்கும் குசினியில் வெள்ளைக் கிரவுட் போடவே மாட்டான். சுவரில் அடுப்புக்குப் பின்பக்கமும் குளியலறையிலும் எபொக்ஸி, அதாவது இரண்டு பசைகளைச் சேர்த்துக் குழைக்கிற, கறை பிடிக்காத வகை. ஒடுங்கிய இடைவெளிக்கு மணல் கலக்காத சீமெந்துக் கிரவுட். அகன்ற இடைவெளிக்கு மணல் கலந்தது, இல்லாவிட்டால் காயும்போது சுருங்கி வெடித்துவிடும். பளபளக்கிற கல் என்றால் அகலமாக இருந்தாலும் மணலைக் கிட்டவும் விடமாட்டான், கீறிவிடும் என்பான். சுவரும் தரையும் சேரும் மூலையில் கிரவுட்டே இல்லை, நெளிந்து கொடுக்கிற சிலிக்கன் பசைதான். இவ்வளவும் எனக்குத் தெரியாததல்ல. தெரியும். ஆனால் ஒவ்வொரு வீட்டிலும் அதையெல்லாம் யோசிக்க யாருக்கு நேரம் இருக்கிறது?

நிறத்தை அவன் பையில் அச்சடித்த படத்தைப் பார்த்து எடுப்பதில்லை. உடைந்த டைல் துண்டுகளை ஒரு பலகையில் ஒட்டி, மூன்று நிறத்தில் மூன்று கோடு பூசி, இரண்டு நாள் காயவிடுவான். காய்ந்தால் நிறம் வெளிறும். அந்தப் பலகையைக் காலையில் ஜன்னலடியிலும் பிறகு மின்விளக்குக்குக் கீழும் பிடித்துக் காட்டி, “எது வேணும், பாத்துச் சொல்லுங்க” என்பான். கல்யாணச் சேலை எடுக்கிற கடையில் நிற்பதுபோல வீட்டுக்காரர் பூரித்துப்போய் நிற்பார். நான் பதித்த ஆயிரம் டைலை விட அந்த மூன்று கோட்டுக்குத்தான் மரியாதை.

அவன் கரைக்கிறதையும் பார்த்திருக்கிறேன். முதலில் தண்ணீர், பிறகு கிரவுட் மா. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சேர்ப்பான். கரைத்துவிட்டுப் பத்து நிமிஷம் சும்மா விட்டு, மறுபடி கிளறுவான். அப்போது இறுகினாலும் ஒரு சொட்டுத் தண்ணீர் விடமாட்டான். கரண்டியில் எடுத்துத் தலைகீழாகப் பிடிப்பான். விழக்கூடாது. விறைத்தும் நிற்கக்கூடாது. கேக்குக் கடையில் படித்த பழக்கம். நான் தண்ணீரைக் கூட ஊற்றிப் பழகியவன், பூசச் சுகமாக இருக்கும். காய்ந்த பிறகு அங்கங்கே வெளிறித் திட்டுத் திட்டாக நிற்கும். வீட்டுக்காரர் கேட்டால், “கடற்காத்து, உப்பு” என்று சொல்லிச் சமாளித்துவிடுவேன்.

ஒருமுறை எங்கள் சொந்தக் குசினிக்குத் தரை மாற்றினேன். மிச்சம் பிடித்துச் சேர்த்து வைத்த நல்ல டைல். ஒரு டைலோடு மற்றது நூல் பிடித்ததுபோல நின்றது. என் மனைவி அருந்ததி கையை இடுப்பில் வைத்துக்கொண்டு பார்த்தாள்.

“நல்லா இருக்கு. கிரவுட்டுக்கு ஸாலிஹைக் கூப்பிடுங்கோவன்.”

“ஏன், எனக்குக் கை இல்லையோ?”

“இருக்கு, இருக்கு. ஆனா உங்கட கோடு திட்டுத் திட்டா வரும். நான்தானே பிறகு நெடுகப் பாத்துக்கொண்டு நிக்கவேணும்.”

இருபத்துமூன்று வருஷம் ஒன்றாக இருந்த பெண். அன்று நான் சோறு தின்னவில்லை. ஸாலிஹ் வந்து பூசினான். கூலி எடுக்கமாட்டேன் என்றுவிட்டான். அருந்ததி அவனுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து, “என்ன நேர்த்தி!” என்று இரண்டு தரம் சொன்னாள். எனக்கு அவள் ஒரு தரம்கூட அப்படிச் சொன்னதில்லை.

இனி டீச்சரின் வீட்டுக் கதைக்கு வருகிறேன். சொல்ல வந்ததே அதுதான்.

சரோஜினிதேவி டீச்சர் வெள்ளவத்தையில் மூன்றாம் மாடியில் ஒரு பழைய வீட்டை வாங்கியிருந்தார். யாழ்ப்பாணத்தில் பிறந்து, கொழும்பில் முப்பது வருஷம் படிப்பித்து, ஓய்வு பெற்றவர். வாடகை வீடுகளிலேயே இருந்து அலுத்துப்போய் எழுபது வயதில் முதன்முதலாகச் சொந்தமாக ஒரு வீடு. அதே கட்டடத்தில் ஐந்தாம் மாடியில் அவருடைய தம்பியும் ஒரு வீடு வாங்கியிருந்தார். டீச்சரின் வேலை முடிந்ததும் தம்பியின் வீடு. டீச்சரை நம்பி அந்தக் கட்டடத்தில் இன்னும் நாலைந்து வீடு. அங்கே யாருடைய பெயர் நிலைக்கப் போகிறது என்பதுதான் எனக்கு முக்கியம். “யோகநாதன்ட வேலை” என்று சொல்ல வேண்டும். “ஸாலிஹ்ட வேலை” என்று சொல்லக்கூடாது. அந்த வருஷம் முழுக்க எனக்கு அந்த ஒரு எண்ணம்தான்.

கிரவுட்டையும் நானே போடுகிறேன் என்று டீச்சரிடம் சொல்லிப் பார்த்தேன். “இல்லைத் தம்பி, ஸாலிஹ் எண்டு ஒருவர் இருக்கிறாராமே, பக்கத்து வீட்டிலை சொன்னவை. அவரைக் கூட்டிக்கொண்டு வாங்கோ” என்றார். கூட்டிக்கொண்டு போனேன். வேறென்ன செய்வது?

ஸாலிஹ் வழக்கம்போலக் கேள்வி கேட்டான், பலகை காட்டினான். குசினிச் சுவருக்கு எபொக்ஸி. தரைக்கு அது வேண்டாம் என்றான். டீச்சர் வழுக்காமல் இருக்கவேண்டும் என்று எடுத்த டைல், மேல் சொரசொரப்பு. அதில் எபொக்ஸி ஒட்டினால் துளைக்குள் இறங்கிப் படலமாக நின்றுவிடும், பிறகு அழியாது. ஆகவே தரைக்குச் சீமெந்துக் கிரவுட், வெளிர் சாம்பல் நிறம். மூன்று கிழமை நன்றாகக் காயவிட்டு, அதன் பிறகு மேலே கறை உறிஞ்சாத திரவம் ஒன்று பூசவேண்டும். “அது பூசும் வரைக்கும் என்ன கொட்டினாலும் குடிச்சிரும் டீச்சர். மஞ்சள், எண்ணெய், தேத்தண்ணி, ஒன்டும் வேணாம்.” டீச்சர் தலையாட்டினார். அடுத்த மாதம்தான் சாமான்களோடு வந்து குடியிருப்பேன், அதுவரை சமையல் இல்லை என்றார்.

ஆனால் குடிபூரல் இருந்தது. ஆவணி பிறந்து முதலாவது வியாழன், காலை ஒன்பதுக்குள். புது வீட்டில் பால் காய்ச்சவேண்டும். அதைப் பற்றி டீச்சர் என்னிடம்தான் சொல்லியிருந்தார். “பால் கீழைதான் தம்பி, குசினி நடுவிலை மூண்டு கல்லு வைச்சு. காஸ் அடுப்பிலை காய்ச்சினா எனக்கு மனம் ஒப்பாது. மூண்டு செங்கல்லு கொண்டுவந்து வையுங்கோ.” கொண்டுவந்து பல்கனியில் வைத்தேன். டீச்சர் நல்லூர்த் திருவிழாவுக்கு யாழ்ப்பாணம் போய்விட்டார், புதன்கிழமைதான் திரும்புவதாக.

திங்கட்கிழமை ஸாலிஹ் தரைக்குப் பூச வந்தான். இடைவெளிகளில் நான் பதிக்கும்போது பிதுங்கி வந்த பசை அப்படியே இறுகிக் கிடந்தது. ஈரத்தோடு துடைத்திருந்தால் ஐந்து நிமிஷ வேலை. நான் வேண்டுமென்றே விட்டிருந்தேன். அவன் கத்தியை எடுத்து, முழங்காலில் இருந்து, மத்தியானம் வரை சுரண்டினான். ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டே சுரண்டினான். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

சாப்பிட்டுவிட்டு வந்து கிரவுட் கரைக்கப் போகிறவன், நிமிர்ந்து என்னைப் பார்த்தான்.

“அண்ணன், ஒன்டு கேக்கணும். வியாழக்கெழம பால் காய்ச்ச போறாங்க தானே. அது எங்க, அடுப்புலயா கீழயா?”

“ஏன்?”

“உங்கட ஆக்கள்ர ஒரு வீட்டுல கீழ கல்லு வெச்சிக் காய்ச்சினத நான் கண்ட. டீச்சருக்கு ரெண்டு தரம் கோல் எடுத்தன், எடுக்கல்ல. கோயில்ல போல. கீழன்டா சொல்லுங்க, ஒன்டும் பெரிய வேலையில்ல. அந்த நடு நாலு டைலச் சுத்தி மட்டும் பூசாம விட்டுட்டு, மேல டேப் ஒட்டிருவன். பால் பொங்கினாலும் உள்ள போகாது. வெள்ளிக்கெழம வந்து அந்த எடத்த முடிச்சிக் குடுக்கலாம்.”

எவ்வளவு சுலபமான வழி! அதுவும் எனக்குத் தோன்றவில்லை, அவனுக்குத்தான் தோன்றியிருக்கிறது. எங்கள் சடங்கு, எங்கள் பால், என் ஆட்கள். அதற்கும் இவன்தான் வழி சொல்ல வேண்டியிருக்கிறது. டீச்சர் வந்து கேட்டால் என்ன ஆகும் என்றும் அந்த நேரம் தெரிந்தது. “பாத்தீங்களே, எங்கட வழக்கத்தைக்கூட யோசிச்சு வேலை செய்திருக்கிறார்” என்று தன் தம்பிக்கும் தம்பி மனைவிக்கும் சொல்லிச் சொல்லி மாய்வார்.

“அடுப்பிலைதான்” என்றேன்.

அவன் பல்கனியைப் பார்த்தான். “அப்ப அந்த மூனு கல்லு?”

“அது பல்கனியிலை பூச்சட்டி வைக்க.”

“சரி, அண்ணன்” என்றான். அவ்வளவுதான். என்னைச் சந்தேகப்படவேயில்லை. உங்கள் ஆட்களின் விஷயம் உங்களுக்குத் தெரியாதா என்ற நம்பிக்கை. வாளியில் தண்ணீரை அளந்து ஊற்றினான். றப்பர் பலகையைக் கோட்டுக்குக் குறுக்காகச் சாய்த்துப் பிடித்து இழுத்தான். நேராக இழுத்தால் பூசினது கிளம்பி வந்துவிடும். இறுகப் பிழிந்த ஸ்பொஞ்சால் ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரு தரம் துடைத்து, வாளித் தண்ணீரை மாற்றி மாற்றித் துடைத்தான். பின்னேரம் வெயில் குசினிக்குள் வந்தபோது அந்தத் தரையைப் பார்த்தேன். ஒரு கோட்டில் ஒரு திட்டு இல்லை. எனக்குள் இருந்த கொஞ்ச நஞ்ச மனச்சாட்சியும் அதைப் பார்த்ததும் போய்விட்டது. வியாழக்கிழமை வரட்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை வந்தது. வேட்டி கட்டிக்கொண்டு விடியவே போனேன். பல்கனியில் இருந்த செங்கற்களைக் குசினிக்கு நான்தான் தூக்கினேன். டீச்சரின் தம்பி மனைவி தரையில் ஒரு கைப்பிடி மணலைத் தூவி, அதன்மேல் கல்லை வைக்கச் சொன்னார். கீழே ஒரு தகரம் வைத்திருக்கலாம். எனக்குத் தெரியும். சொல்லவில்லை. புதுப் பானையில் பால் ஊற்றி, சிரட்டையும் தென்னம்பாளையும் வைத்து நெருப்பு மூட்டினார்கள். புகை சூழ்ந்தது. ஜன்னல்களைத் திறந்தார்கள்.

அப்போது ஸாலிஹ் வந்தான். டீச்சர் அவனையும் அழைத்திருந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சேட்டு. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுச் சிரித்துக்கொண்டே உள்ளே வந்தவன் குசினி வாசலில் நின்றுவிட்டான். கற்களைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். நான் வேட்டியைச் சரிசெய்துகொண்டேன்.

கத்தப் போகிறான், நிறுத்தச் சொல்லப் போகிறான் என்று நினைத்தேன். கத்தினால் நல்ல நேரத்தில் சண்டை போட்டவன் என்ற பெயர் அவனுக்கு வரும். அதுவும் எனக்கு நல்லதுதான். அவனோ டீச்சரின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். டீச்சர் பானையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எழுபது வயதில் ஒரு சிறுபிள்ளையின் முகம்.

பால் பொங்கியது. “கிழக்காலை பொங்கீட்டுது, கிழக்காலை!” என்று எல்லோரும் கைதட்டினார்கள். பால் பானையின் வயிற்றால் வழிந்து, மணலைக் கடந்து, கோடு வழியே ஓடியது. ஒரு கோட்டிலிருந்து மற்றக் கோட்டுக்குத் திரும்பி ஓடியது. ஸாலிஹ் கால்சட்டைப் பையிலிருந்து லேஞ்சியை எடுத்துக்கொண்டு முன்னால் குனிந்தான். தம்பி மனைவி தடுத்தார். “துடைக்கக்கூடாது, விடுங்கோ. எல்லாரும் பால் குடிச்சு முடியும்வரைக்கும் கிடக்கட்டும்.” அவன் லேஞ்சியை மடித்துப் பைக்குள் வைத்தான்.

பால் குடித்து முடிய மணி பத்தரை ஆயிற்று. பிறகு வேலை செய்தவர்களுக்குத் தட்டில் வெற்றிலையோடு உடுப்பு கொடுத்தார்கள். இருபது சனம் பார்த்துக்கொண்டிருக்க, டீச்சர் முதலில் கூப்பிட்ட பெயர் என்ன? “ஸாலிஹ்.” இரண்டாவதாகத்தான் யோகநாதன். என் கையில் வேட்டி சால்வையை வாங்கும்போது கீழே கோடுகளைப் பார்த்தேன். பால் ஏற்கெனவே உள்ளே இறங்கியிருந்தது. உண்மையைச் சொன்னால், சந்தோஷமாக இருந்தது.

திங்கட்கிழமை டீச்சர் கோல் எடுத்தார். இரண்டு பேரையும் வரச் சொன்னார். போனோம். நடு நாலு டைலைச் சுற்றிக் கோடு மஞ்சளும் மண்ணிறமுமாக மாறியிருந்தது. நெருப்பு இருந்த இடத்தில் தலைமயிர் மாதிரி வெடிப்பு. வீடு முழுக்கப் புளித்த பால் நாற்றம். டீச்சர் மூக்கில் சேலைத் தலைப்பை வைத்துக்கொண்டு நின்றார். கண் கலங்கியிருந்தது.

“மூண்டு நாளாக் கழுவிப் பாத்திட்டன், போகுதில்லை. முதன்முதலாக் காய்ச்சின பால், இப்பிடி நாறிக்கொண்டு கிடக்குது. சொந்தக்காரர் வந்து பாத்திட்டு ஏதோ கூடாத சகுனம் எண்டுகினம்.” பிறகு என் பக்கம் திரும்பினார். “யோகநாதன், பால் கீழை காய்ச்சிறது எண்டு உங்களிட்டைச் சொன்னனான்தானே? கல்லும் நீங்கள்தானே கொண்டுவந்தனீங்கள்? இவருக்குச் சொல்லேல்லையோ?”

சொன்னேன் என்று சொல்லலாம். ஆனால் ஸாலிஹ் பக்கத்தில் நிற்கிறான். அவன் ஒரு வசனம் சொன்னால் போதும். மூன்றாம் மாடி, ஐந்தாம் மாடி, அந்தக் கட்டடம், வெள்ளவத்தை, எல்லாம் போய்விடும். இருபத்தேழு வருஷம் போய்விடும். பொய் சொல்லி ஒரு வீட்டின் முதல் பாலைக் கெடுத்தவன் என்றுதான் பிறகு என் பெயர்.

“சொன்னாரு, டீச்சர்” என்றான் ஸாலிஹ். “அண்ணன் சொன்ன. நான்தான் மறந்துட்டன். அந்த நாலு டைலையும் விட்டுட்டுப் பூசியிருக்கணும். என்ட பிழை. இன்டைக்கே வெட்டி எடுத்துட்டுப் புதுசாப் போட்டுத் தாறன். சகுனமெல்லாம் இல்ல டீச்சர், கிரவுட் பால் குடிச்சிரிச்சு, அவ்வளவுதான்.”

டீச்சர் அவனைக் கோபித்தார். பிள்ளைகளைக் கோபிக்கும் பழக்கத்தில், நிறுத்தாமல், ஐந்து நிமிஷம். கவனம் இல்லாதவனுக்கு இந்த வேலை எதற்கு என்றார். உங்களைப் பற்றி எவ்வளவு உயர்வாகச் சொன்னார்கள் என்றார். அவன் கையைக் கட்டிக்கொண்டு கேட்டான். கடைசியில் டீச்சர் என்னிடம், “தம்பியின்ட வீட்டிலை கிரவுட்டையும் நீங்களே போடுங்கோ. ஒருவரே செய்தா இப்பிடி வராது” என்றார். நான் தலையாட்டினேன். இந்த வசனத்துக்காகத்தான் ஒரு வருஷம் காத்திருந்தேன்.

டீச்சர் முன்னறைக்குப் போனதும் ஸாலிஹ் முழங்காலில் இருந்து கோடுகளை வெட்டத் தொடங்கினான். நான் போயிருக்கலாம். நின்றேன்.

“அந்த பிரஷ்ஷ எடுங்க, அண்ணன்.”

எடுத்துக் கொடுத்தேன். தூளைக் கூட்டினான். தலையை நிமிர்த்தாமலே கேட்டான்.

“நான் கேட்டன் தானே?”

“ஓம்.”

“நான் மனசுக்குள்ள கனக்க யோசிச்ச. கேட்டேனா, கேக்கல்லையா, எனக்குத்தான் மறதி வந்திரிச்சா என்டு. மூனு நாளா யோசிச்ச.” பிரஷ்ஷை வைத்தான். “சரி. அது தெரிஞ்சாப் போதும்.”

“ஏன் அப்ப டீச்சரிட்டைச் சொல்லேல்லை?”

“அவங்கட மொத வீடு, அண்ணன். அந்த நாளைப் பத்தி இனி அவங்க நெனக்கிற நேரமெல்லாம் ஒருத்தன் வேணுமென்டு செஞ்சான் என்டு நெனக்கணுமா? ஒருத்தன் மறந்துட்டான் என்டா ரெண்டு நாள்ல ஆறிரும்.”

என்னைக் காப்பாற்றுவதற்காக அவன் அப்படிச் சொல்லவில்லை. அதை விளங்கிக்கொள்ள எனக்கு ஒரு நிமிஷம் எடுத்தது. அவன் என்னைப் பற்றி நினைக்கவேயில்லை. டீச்சரைப் பற்றித்தான் நினைத்திருக்கிறான். அங்கேயும் நான் இரண்டாவது. மன்னிப்புக் கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை. அவன் கிரவுட் கரைத்துவிட்டுப் பத்து நிமிஷம் விட்டு மறுபடி கிளறும்வரை நின்று பார்த்துவிட்டு இறங்கிப் போய்விட்டேன்.

அதன் பிறகு அந்தக் கட்டடத்துக்கு ஸாலிஹை ஒருவரும் கூப்பிடவில்லை. ஐந்தாம் மாடியில் தம்பியின் வீடு முழுவதும் நான். தண்ணீரை அளந்து ஊற்றினேன். பலகையைச் சாய்த்துப் பிடித்தேன். பால் காய்ச்சும் இடத்தில் நாலு டைலைச் சுற்றி டேப் ஒட்டி விட்டுவிட்டுப் பூசினேன். எல்லாம் அவன் வழி. கோடு நன்றாகவே வந்தது.

அந்தக் குடிபூரலுக்கும் போனேன். நாலாம் மாடியில் வீடு வாங்கியிருக்கும் ஒரு பெண்ணை டீச்சர் கையைப் பிடித்துக் குசினிக்குக் கூட்டிவந்தார். “இவர்தான் யோகநாதன். டைலும் இவர்தான், கிரவுட்டும் இவர்தான். பாருங்கோ கோட்டை.” அந்தப் பெண் குனிந்து பார்த்தார். வடிவாக இருக்கிறது என்றார். என் பெயரைக் கேட்டு ஃபோனில் எழுதிக்கொண்டார். நான் ஆசைப்பட்டது அத்தனையும் என் முன்னால் நடந்துகொண்டிருந்தது.

“உங்கட வீட்டிலை வேறை ஆரோ கிரவுட் போட்டதெண்டு கேள்விப்பட்டன்” என்றார் அந்தப் பெண் டீச்சரிடம்.

“ஓம், ஸாலிஹ் எண்டு ஒருவர். அருமையான மனுசன், பிள்ளை. அவ்வளவு பேச்சு வாங்கியும் முகம் சுழிக்காமல் இருந்து செய்து தந்திட்டுப் போனவர். இப்பவும் நினைச்சா எனக்கு மனம் ஒரு மாதிரி இருக்கும்.” டீச்சர் பெருமூச்சு விட்டார். “மறதிதான் கொஞ்சம்.”

அருமையான மனுசன். என்னை அப்படி இதுவரை ஒருவரும் சொன்னதில்லை. நல்ல வேலைக்காரன் என்றார்கள், கெட்டிக்காரன் என்றார்கள். இதை மட்டும் சொன்னதில்லை. அவன் அங்கே இல்லாமலே அந்தப் பெயரையும் வாங்கிக்கொண்டு போயிருக்கிறான். பழையபடி எரிந்தது. இரண்டு பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள்.

“கொஞ்சமில்லை டீச்சர்” என்றேன். “சரியான மறதி.”